நாற்பத்தொன்றாவது வரி

நெருள்,
3 ஜூன் 2025

அன்புள்ள தாவீது அண்ணனுக்கு,

மாதாவின் தயவில் இங்கே அம்மா, ஸ்வீட்டி, ஜெனி, நான் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தைச் செம்பூர் கோயிலுக்கு வருகிறவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். சர்க்கரை கூடியிருக்கிறது என்றார்கள். கவனித்துக்கொள்ளுங்கள்.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. என் மின்னஞ்சலைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். மும்பை ஹார்பர் ரயில் லைனில் ஆறாவது ஸ்டேஷனில் இருக்கும் அண்ணனுக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்புகிற ஒரே ஆள் நான்தான் என்று என் மனைவி ஸ்வீட்டி சிரிக்கிறாள்.

விஷயம் இதுதான். அந்தேரி கம்பெனியில் நாம் சோதனை செய்த ‘ஏர்லாக் நைன்’ வீடியோ விளையாட்டு புதிய கன்சோல்களுக்காக மறுபடி வெளிவருகிறது. மஹாபே அலுவலகத்தில் அந்த வேலையை நான் பார்க்கிறேன். அன்று நம்மோடு சோதனை செய்த இஜாஸும் என்னோடு இருக்கிறான். பெட்டிக்குள் ஒரு சிறிய புத்தகம் வைக்கிறார்கள். பழைய சோதனையாளர்கள் தங்களுக்குப் பிடித்த மூன்று அறிவியல் புனைவு விளையாட்டுகளைப் பற்றி அதில் எழுத வேண்டும். கன்சோல் விளையாட்டுகள் மட்டும். உங்களைவிட அதிகம் விளையாடியவர் யாருமில்லை. எழுதித் தருவீர்களா?

அம்மா, உங்கள் சித்தி, உங்களை விசாரித்தாள்.

என்றும் உங்கள் தம்பி,
ரிஜோ


செம்பூர்,
9 ஜூன் 2025

ரிஜோவுக்கு,

சுகம். சர்க்கரையைப் பற்றிக் கோயிலில் விசாரிக்க வேண்டாம்.

‘ஏர்லாக் நைன்’ விளையாட்டின் முடிவில் பெயர்ப் பட்டியல் ஓடும். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஒருமுறை உட்கார்ந்து எண்ணினேன். மதியச் சாப்பாடு கொண்டுவந்தவர் பெயர் இருக்கிறது. அந்த வருடம் பிறந்த குழந்தைகள் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் உன் மகள் ஜெனி இருக்கிறாள். அப்போது அவளுக்கு மூன்று மாதம். அமெரிக்காவில் ஒருவரின் நாய்க்கும் நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஏழு வருடம் அந்தக் கம்பெனியில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட என் பெயர் இல்லை.

விதியை எனக்கு நினைவுபடுத்த வேண்டாம். வெளியீட்டு நாளுக்கு முன்னால் வேலையை விட்டவர்களின் பெயர் பட்டியலில் வராது. நான் பத்தொன்பது நாள் முன்னால் விட்டேன். ஏன் விட்டேன் என்பதும் உனக்குத் தெரியும். நான் சேர்த்துவிட்ட, என்னைவிட எட்டு வயது இளையவனை எனக்கு மேலே தலைமைச் சோதனையாளராக உட்கார வைத்தார்கள். பட்டியலைத் தட்டச்சு செய்தது அந்தத் தலைமைச் சோதனையாளர்தான்.

பிடித்த விளையாட்டு கேட்டாய். ஒன்று தருகிறேன். ‘யூரோப்பா டிரில்’. வியாழனின் நிலவில் பனியைத் துளைக்கும் ஒருவனின் கதை. துப்பாக்கி இல்லை. வெளியே காற்று இல்லாததால் சத்தமும் இல்லை. இயந்திரத்தைத் தொட்டால் மட்டும், கை வழியாக ஏறும் அதிர்வு காதில் கேட்கும். இயற்பியல் படித்த ஒருவன் அந்தக் குழுவில் இருந்திருக்கிறான். அவன் பெயரையாவது போட்டார்களா தெரியவில்லை.

தாவீது


நெருள்,
15 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மா வாசிக்கச் சொல்லி முழுவதும் கேட்டாள். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் பேரப் போட்டா ஒனக்கு என்னல கொறஞ்சு போச்சு? ஒன்னய அந்த ஆபீசுக்குள்ள கூட்டிட்டுப் போனதே அவன்தான.”

“நான் போடக் கூடாதுன்னு சொல்லலம்மா. ரூல் அப்படி.”

“நாய்க்கு ரூல் இல்லையோ?”

அன்று உங்கள் பெயரையும் சேர்த்துத்தான் தட்டச்சு செய்து அனுப்பினேன். மேலிடத்தில் விதியைக் காட்டி எடுத்தார்கள். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை, அது உண்மை. பதவி கிடைத்துச் சில நாளே ஆன ஆள், பயந்தேன்.

இந்த முறை பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கிறார்கள். உங்கள் பெயருக்காக நான் எழுதிக் கேட்கிறேன். உறுதி சொல்ல முடியாது. கேட்பேன் என்பது உறுதி.

யூரோப்பா டிரில் பற்றி நீங்கள் எழுதிய பகுதியை அப்படியே எடுத்துக்கொண்டோம். இன்னும் இரண்டு எழுதுங்கள்.

மழைக்காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
ரிஜோ


செம்பூர்,
2 ஜூலை 2025

ரிஜோவுக்கு,

சுகம். சித்திக்கு என் வணக்கம். நாயைப் பற்றி அவள் கேட்டது நியாயமான கேள்வி.

இரண்டாவது ‘காலனி தர்ட்டி ஒன்’. செவ்வாயில் முந்நூறு பேர் வாழும் குடியிருப்பு. தண்ணீரைப் பங்கிடுவதுதான் விளையாட்டு. யார் வரிசையில் முன்னால் நிற்பது, யாருக்கு அரைக் குடம் குறைப்பது. அமெரிக்க விமர்சகர்கள் இதை மெதுவான, சலிப்பான விளையாட்டு என்றார்கள். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரே குழாயடியில் வளர்ந்தவனுக்கு அது அவ்வளவு மெதுவாகத் தெரியவில்லை. நான் ஒரு நாள்கூட யாரையும் சாகவிடாமல் முடித்தேன். அப்படி முடித்தவர்கள் குறைவு.

மூன்றாவதை என் பெயர் விஷயம் முடிவான பிறகு தருகிறேன். இது நிபந்தனைதான். வேறு பெயர் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகிறது. முனைவர் பட்டம் பாதியில் நின்றது. இப்போது சயானில் ஒரு கோச்சிங் வகுப்பில் பதினோராம் வகுப்புக்குத் திசைவேகம் சொல்லித் தருகிறேன். எழுதி வைத்துப் போக எனக்கு வேறு ஒன்றும் இல்லை. ஒரு திரையில், வேகமாக ஓடும் எழுத்தில், இரண்டு வினாடி என் பெயர் வர வேண்டும். அதைத்தான் கேட்கிறேன்.

தாவீது


நெருள்,
8 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உங்களுக்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

பெயருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. ஆனால் வேறொன்றையும் சொல்ல வேண்டும். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், வெட்கமாக இருந்தது.

2012இல் விளையாட்டு வெளிவந்து ஒரு வாரத்தில் சிலருக்குச் சேமித்த ஆட்டம் முழுதும் அழிந்துபோனது உங்களுக்குத் தெரியும். அறுபது மணி நேரம் விளையாடியவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டிவந்தது. எப்படி நடக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ‘தலைமைச் சோதனையாளரின் கவனக்குறைவு’ என்று கோப்பில் எழுதினார்கள். என் பதவியை எடுத்தார்கள். இரண்டு வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களோடு கடைசி மேசையில் இருந்தேன். இஜாஸ் கல்யாணத்தில் பந்தியில் வைத்து நீங்கள் கேட்டீர்கள்: “கண்ணு எங்கல இருந்துச்சு ஒனக்கு?” எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி சரிதான். நானும் அதையே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிழை இன்னும் உள்ளே இருக்கிறது. பழைய நிரலைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இஜாஸும் ஐந்து பேரும் நாற்பது நாளாக விளையாடுகிறார்கள், ஒருமுறைகூட வரவில்லை. வரவைக்கத் தெரியாமல் சரிசெய்ய முடியாது. செப்டம்பருக்குள் சரியாகாவிட்டால் வெளியீட்டையே நிறுத்திவிடுவார்கள். விளையாட்டு வராவிட்டால் பட்டியலும் இல்லை.

நீங்கள் தினமும் ஒரு நோட்டில் எழுதுவீர்கள். அந்த நோட்டுகள் இருக்கின்றனவா? ஏதாவது ஒரு தடயம் அதில் இருக்கலாம்.

தம்பி,
ரிஜோ


செம்பூர்,
11 ஆகஸ்ட் 2025

ரிஜோவுக்கு,

தாமதமாகிவிட்டது. வகுப்பில் தேர்வுகள். பிறகு மழை.

இஜாஸை அனுப்பியது நீயா என்று கேட்டேன், இல்லை என்றான். நம்பவில்லை. கோவண்டியில் ரயில் நின்றுவிட்டதாம், தண்டவாளத்தோரம் நடந்தே வந்து வாசலில் சொட்டச் சொட்ட நின்றான்.

“தாவீது அண்ணே, சாயா வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நோட்டு இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க, போதும்.”

“நனஞ்சு போச்சு. போன வருசம் ஒழுகிச்சு.”

“எல்லாமுமா?”

“எல்லாமும்.”

“அப்ப அலமாரி மேல அடுக்கி வச்சிருக்கது?”

“பிசிக்ஸ்.”

அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தான். “பிசிக்ஸ் நல்லாக் காஞ்சு இருக்கு” என்றான். பிறகு சாயா குடித்துவிட்டுத்தான் போனான்.

உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய விஷயம். நாற்பது நாள் ஆறு பேர் தேடியும் கிடைக்காததை நான் நினைவிலிருந்து எடுத்துத் தர முடியாது. பெயர் குறித்து மேலிடத்திலிருந்து என்ன பதில் வந்தது என்று எழுது.

தாவீது


நெருள்,
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவைப் பாந்த்ரா மாதா கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும், அதற்குள் எழுதிவிடுகிறேன். நாங்கள் சுகம்.

பதில் வந்துவிட்டது. சம்மதித்துவிட்டார்கள். சோதனையாளர்கள் பகுதியில், அகர வரிசையில், நாற்பத்தொன்றாவது வரியில் உங்கள் பெயர். மூன்று முறை எழுதினேன். இந்த முறை பயப்படவில்லை. இனி பயந்து எனக்கு என்ன மிஞ்சப்போகிறது?

உங்கள் நிபந்தனை நிறைவேறியது. மூன்றாவது விளையாட்டை எப்போது வேண்டுமானாலும் அனுப்புங்கள்.

பிழை கிடைக்கவில்லை. செப்டம்பர் பதினைந்து கடைசி நாள். அதற்குமேல் பெயர் இருந்தும் பயனில்லை, திரை இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் இப்போது வேலை. நான் பழைய திரைகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கிறேன். அன்று எதைக் கவனிக்காமல் விட்டேன் என்று இன்னும் புரியவில்லை. நோட்டு நனைந்துபோனது என் கெட்ட நேரம், உங்கள் தவறில்லை.

தம்பி,
ரிஜோ


செம்பூர்,
1 செப்டம்பர் 2025

ரிஜோவுக்கு,

சுகம். பெயர் பற்றிய செய்திக்கு நன்றி.

மூன்றாவது ‘ஏர்லாக் நைன்’. சனிக்கோளைச் சுற்றும் கப்பலில் ஒன்பது காற்றடைப்பு அறைகள். உள்ளே ஒரு கதவு, வெளியே ஒரு கதவு, இரண்டும் ஒன்றாகத் திறக்காது. ஒவ்வொரு முறையும் பதினோரு வினாடி காத்திருக்க வேண்டும். அந்தப் பதினோரு வினாடிக்காகவே அதை எனக்குப் பிடிக்கும். பிற விளையாட்டுகள் அவசரப்படுத்தும். இது உன்னை நிறுத்தி வைத்து, வெளியே போக வேண்டுமா என்று யோசிக்கச் சொல்லும். நல்ல விளையாட்டு. இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

இதை எழுதுவதற்காகப் பழைய கன்சோலை எடுத்து, கடையில் வாங்கிய டிஸ்கைப் போட்டுப் பத்து நாள் விளையாடினேன். நீ தேடும் பிழை எனக்கு வந்தது. வரவைக்கும் முறை:

மூன்றாம் தளத்துக்குப் போ. மஞ்சள் கதவு வழியாக நான்காம் காற்றடைப்பு அறைக்குள் நுழை. கதவு மூடி அழுத்தம் குறையும் பதினோரு வினாடிக்குள் சேமி. சேமிக்கும்போதே கண்ட்ரோலரின் பேட்டரி தீர்ந்து தொடர்பு அறுபட வேண்டும். திரை மறுபடி இணைக்கச் சொல்லும். அதே கண்ட்ரோலரை இணைக்காமல் இரண்டாவதை இணை. ஆட்டம் அழியும்.

சோதனை மேசைகளில் எப்போதும் வயர் வைத்த கண்ட்ரோலர்கள்தான். வயர் இருந்தால் பேட்டரி தீராது. அதனால்தான் ஆறு பேருக்கும் வரவில்லை.

தாவீது


நெருள்,
9 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம்.

நீங்கள் சொன்னபடி செய்தோம். முதல் முறையே வந்தது. இஜாஸ் மேசைமேல் ஏறி நின்றான். நான்கு நாளில் சரிசெய்துவிட்டார்கள். வெளியீடு நவம்பர் கடைசியில். கண்டுபிடித்தவர் என்று தனிவரியில் உங்களுக்கு நன்றி போடுவதாக மேலிடத்தில் சொன்னார்கள்.

ஒரு சிறு விஷயம். இஜாஸ்தான் முதலில் கேட்டான்.

“ரிஜோ பாய், மூணாவது தளத்துல மஞ்சக் கதவு எங்க இருக்கு? எனக்கு நீலம்தான வருது.”

“அவரு மறந்து எழுதியிருப்பாரு. நீலத்துலயே போ.”

சொன்ன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. அந்தக் கதவு மஞ்சளாகத்தான் இருந்தது. பச்சை விளக்கிலிருந்து பிரித்துத் தெரியவில்லை என்று, இப்போது மறந்துவிட்ட இஜாஸே எழுதிக் கொடுத்து, 2012 அக்டோபர் இருபத்தைந்தில் நீலமாக மாற்றினோம். கடையில் விற்ற எந்த டிஸ்கிலும் மஞ்சள் கதவு கிடையாது. மஞ்சளைப் பார்த்தவர்கள் அந்தத் தேதிக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர்கள் மட்டும். நீங்கள் பத்தொன்பதாம் தேதி போனீர்கள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. இஜாஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பிப் போனான். நான் தப்பாக நினைக்கிறேன் என்றால் ஒரு வரி எழுதுங்கள். அதையே நம்பிக்கொள்கிறேன்.

ரிஜோ


செம்பூர்,
6 அக்டோபர் 2025

ரிஜோவுக்கு,

நீ தப்பாக நினைக்கவில்லை.

2012 அக்டோபர் பதினொன்று, வியாழக்கிழமை. மூன்று மணிக்கு உன் பதவியை அறிவித்தார்கள். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் மேசையில் வயர் கண்ட்ரோலர் பழுதாகியிருந்ததால் வீட்டிலிருந்து கொண்டுவந்த வயரில்லாததை வைத்திருந்தேன். நாலே முக்காலுக்கு ஆட்டம் அழிந்தது. மறுபடி செய்தேன், மறுபடி அழிந்தது. நோட்டில் எழுதினேன். கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், பதிந்திருந்தால் அது புதிய தலைமைச் சோதனையாளரின் முதல் பெரிய கண்டுபிடிப்பாக மேலே போயிருக்கும். பதியவில்லை. நாளை பதியலாம் என்று வைத்தேன். எட்டு நாள் அப்படி வைத்தேன். பிறகு வேலையை விட்டேன்.

உன் பதவியை எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டபோது சொல்லியிருக்கலாம். அப்போது அது நியாயமாகத் தெரிந்தது. கல்யாணப் பந்தியில் கேட்டது தெரிந்தேதான் கேட்டது.

நோட்டுகள் நனையவில்லை.

மன்னிப்பு என்ற வார்த்தையை இந்தக் கடிதத்தில் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. எடுத்துவிட்டேன். அந்தத் தனிவரி நன்றியை மட்டும் நிறுத்திவிடு. நாற்பத்தொன்றாவது வரி எனக்கு வேண்டும். அந்த ஏழு வருடமும் வேலை செய்தது நான்தான்.

தாவீது


மஹாபே,
3 நவம்பர் 2025

திரு. தாவீது அவர்களுக்கு,

‘ஏர்லாக் நைன்’ மறுவெளியீட்டின் பெயர்ப் பட்டியல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தங்கள் பெயர் நாற்பத்தொன்றாவது வரியில் உள்ளது. பிழை இருந்தால் பத்து நாளுக்குள் தெரிவிக்கவும். பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்ளப்படும். தனிவரி நன்றி தாங்கள் கேட்டபடி நீக்கப்பட்டது.

பதில் இருந்தால் இஜாஸ் பெயருக்குக் கம்பெனி முகவரியில் எழுதவும். நெருளுக்கு எழுத வேண்டாம். அம்மா உங்கள் கடிதங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள். கடைசிக் கடிதத்தை நான் அவளுக்கு வாசிக்கவில்லை.

ரிஜோ


செம்பூர்,
10 நவம்பர் 2025

இஜாஸுக்கு,

சுகம். நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். உன் தகப்பனாரின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பட்டியலைப் பார்த்தேன். நாற்பத்தொன்றாவது வரியில் பிழை இல்லை. ஐம்பத்தெட்டில் இருக்கிறது. அங்கே ரிஜோவின் பெயர் வெறும் சோதனையாளர் என்று வந்திருக்கிறது. 2012 நவம்பர் ஏழாம் தேதி விளையாட்டு வெளியானபோது அவன்தான் தலைமைச் சோதனையாளர். பிறகு பதவியைப் பறித்தார்கள், அதற்கான காரணம் கோப்பில் இருக்கிறது. அந்தக் காரணம் தவறு.

இத்துடன் என் நோட்டின் ஒரு தாளை வைத்திருக்கிறேன். 11.10.2012, மாலை 4.45 என்று மேலே இருக்கும். கீழே பிழையின் விவரம். அதற்கும் கீழே, இதைக் கண்டும் பதியாமல் விட்டேன், தலைமைச் சோதனையாளருக்கு இது தெரியாது என்று இன்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறேன். இதை ரிஜோவிடம் கொடுக்காதே. அவன் மேலே அனுப்பமாட்டான். நீயே நேராக அமெரிக்கத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பு.

இதைப் பார்த்தபின் அவர்கள் நாற்பத்தொன்றாவது வரியை எடுப்பார்கள். எடுக்கட்டும். எனக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை.

தாளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். நகல் எடுக்கவில்லை.

தாவீது